மூக்கு எந்தப் பக்கம்? வன்னியின் நினைவில் பழைய டீசல் எஞ்சின்கள்

கிளிநொச்சியில் ஐம்பது வயதைக் கடந்த நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் கொழும்பிலிருந்து வடக்கே ஓடிய பழைய யாழ்தேவி ரயிலைப் பற்றிப் பேச்செடுத்தால், தேத்தண்ணி ஆறுவதற்குள் அது வாக்குவாதமாக மாறிவிடும். எஞ்சினுக்கு முன்னால் நீளமான மூக்கு இருந்தது என்று ஒருவர் சொல்வார். இல்லை, றைவர் இருக்கும் அறை முன்னாலேயே இருந்தது, மூக்கு குட்டை என்று இன்னொருவர் மறுப்பார். பச்சை நிறம் என்பார் ஒருவர், செங்கபிலம் என்பார் மற்றவர், வெள்ளிபோல மினுங்கியது என்று மூன்றாமவர் அடித்துச் சொல்வார். மூவரும் ஒரே நிலையத்தில், ஏறக்குறைய ஒரே ஆண்டுகளில், ஒரே வண்டிக்காகக் காத்து நின்றவர்கள். இந்த வாக்குவாதங்களைப் பல ஆண்டுகளாக ஆர்வத்தோடு கேட்டுவருகிறேன். அவற்றில் பெரும்பாலானவற்றில் இரு தரப்பினருமே சரியாகத்தான் சொல்கிறார்கள் என்பதே நான் கண்டது. அது எப்படி என்பதை விளங்கிக்கொள்ள, அந்த எஞ்சின்கள் எப்படிச் செய்யப்பட்டவை, அவற்றின் தோற்றம் எந்தெந்தக் காரணங்களால் மாறியது, அந்த மாற்றத்தில் எந்தப் பகுதி வன்னியின் கண்ணுக்குப் படாமல் போனது என்ற மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வடக்குப் பாதை 1905ஆம் ஆண்டு கொழும்பிலிருந்து காங்கேசன்துறை வரை முழுமையாகத் திறக்கப்பட்டது. வன்னிக் காட்டை வவுனியா, ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி, பரந்தன், ஆனையிறவு என்று ஊடறுத்துச் சென்ற அந்தப் பாதையில் முதல் அரை நூற்றாண்டில் பெரும்பாலும் நீராவி எஞ்சின்களே ஓடின. எங்கள் வீட்டில் கிழவர்கள் அவற்றைக் கரிக்கோச்சி என்றே சொன்னார்கள். 1956 ஏப்ரல் 23ஆம் தேதி யாழ்தேவி ஓடத் தொடங்கியபோது டீசல் காலம் பிறந்துவிட்டிருந்தது. 1990 ஜூன் மாதத்தில் வடக்குக்கான ஓட்டம் அறவே நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. அணைக்கட்டுபோல் உயர்ந்திருந்த பாதையின் மண்மேட்டில் பற்றை வளர்ந்தது. பிறகு 2011இல் ஓமந்தைக்கும், 2013 செப்டம்பர் 14ஆம் தேதி கிளிநொச்சிக்கும், 2014 மார்ச்சில் பளைக்கும், அதே ஆண்டு அக்டோபர் 13ஆம் தேதி யாழ்ப்பாணத்துக்கும் ரயில் திரும்பி வந்தது.

கிளிநொச்சியைப் பொறுத்தவரை இடையில் விழுந்தது இருபத்துமூன்று ஆண்டு. காலியிலோ கண்டியிலோ வாழும் ரயில் பிரியர் ஒருவருக்கு எஞ்சினின் தோற்றம் மாறியது, வீட்டில் வளரும் பிள்ளையின் முகம் மாறியதைப் போன்றது. ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டிருந்ததால் மாற்றம் கண்ணில் உறைக்காது. எங்களுக்கோ பன்னிரண்டு வயதில் பார்த்த முகம், அடுத்தது முப்பத்தைந்து வயதில் பார்த்த முகம், இரண்டுக்கும் நடுவில் ஒன்றுமில்லை. வன்னிக்குள்ளேயே இது ஒரே மாதிரி இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வவுனியாவுக்கு, நிலைமைக்கேற்ப இடையிடையே தடைப்பட்டாலும், போர்க்காலத்திலும் வண்டி வந்துகொண்டிருந்தது. ஆகவே வவுனியாக்காரர் ஒருவர் எஞ்சின்களைப் பற்றிப் பேசும்போது அது தொடர்ச்சியான கதையாக இருக்கும். மாங்குளத்துக்காரர் பேசும்போது அது ஓரிடத்தில் சட்டென்று அறுந்துவிடும். இரண்டு ஊர்களுக்கும் நடுவில் ஏ9 வீதியில் பஸ்ஸில் ஒரு மணி நேரப் பயணந்தான்.

இனி எஞ்சின்களுக்கு வருவோம். இலங்கைப் பாதைகளில் நீண்டதூரப் பயணிகள் வண்டிகளை இழுக்க முதலில் பெருமளவில் வந்த டீசல் எஞ்சின்கள் எம்-1 வகையைச் சேர்ந்தவை. 1950களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பிரஷ் பேக்னல் நிறுவனம் செய்து அனுப்பிய இருபத்தைந்து எஞ்சின்கள் அவை. ஒவ்வொன்றும் 1,000 குதிரைவலு. பின்னால் வந்தது எம்-2. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் வடிவமைத்து, கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் உள்ள லண்டன் என்னும் நகரத்துத் தொழிற்சாலையில் செய்யப்பட்ட ஜி-12 என்ற மாதிரி. கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா அரசு வழங்கிய உதவியாக முதல் ஐந்து எஞ்சின்கள் 1954இல் வந்து இறங்கின. எண்கள் 569 முதல் 573 வரை. கனடா கொடுத்தவை என்பதால் அந்நாட்டு மாகாணங்களின் பெயர்களே அவற்றுக்குச் சூட்டப்பட்டன. 569 ஒன்டாரியோ, 570 அல்பேர்ட்டா, 571 சஸ்கச்சுவான், 572 பிரிட்டிஷ் கொலம்பியா, 573 கியூபெக். பின்னர் கட்டம் கட்டமாக மேலும் ஒன்பது வந்து எம்-2 குடும்பம் பதினான்காகியது. அவற்றுள் ஒன்றுக்குக் காங்கேசன்துறை என்றும் பெயரிட்டார்கள். வடக்குப் பாதை முடிகிற ஊரின் பெயரைச் சுமந்த அந்த எஞ்சினைப் பற்றிப் பேசும்போது எங்கள் பக்கத்துக் கிழவர்களின் குரலில் இன்றைக்கும் ஒரு பெருமை ஏறும்.

இந்த மாற்றத்துக்குப் பின்னால் நின்றவர்களுள் பி. டி. ரம்பால முதன்மையானவர். 1949இல் பிரதம இயந்திரப் பொறியியலாளராகவும் 1955இல் பொது முகாமையாளராகவும் பொறுப்பேற்ற அவர், நீராவியிலிருந்து டீசலுக்கு மாறுவதை முன்னின்று நடத்தினார். யாழ்தேவியைப் போல வண்டிகளுக்குப் பெயர் வைத்து ஓட்டிய காலமும் அவருடையதே. எங்கள் மொழியை மட்டும் புகை விட்டுப் போகவில்லை. நீராவி போய்ப் பல பத்தாண்டுகள் ஆகியும் நிலையப் பலகைகளில் இன்றும் புகையிரத நிலையம் என்றே எழுதியிருக்கிறது.

எம்-2இன் உருவத்தை மனத்தில் கொண்டுவர, ஒரு நீண்ட இரும்புப் பெட்டகத்தையும் அதன் ஒரு பக்க நுனிக்கு அருகே குந்தியிருக்கும் சிறு அறை ஒன்றையும் நினைத்துக்கொள்ளுங்கள். அறைக்கு ஒரு பக்கம் குட்டையான மூக்கு, மறுபக்கம் நீண்ட மூக்கு. நீண்ட பக்கத்துக்குள்ளேதான் எஞ்சினும் மின்பிறப்பாக்கியும் குளிராக்கியும் இருக்கின்றன. பெட்டகம் எஞ்சினின் முழு அகலத்துக்கும் பரவாமல் ஒடுங்கியிருப்பதால் இரு பக்கமும் ஆள் நடந்து போக ஓரப்பாதை உண்டு. அதற்குக் கைபிடிக் கம்பியும் உண்டு. பெட்டகத்தின் பக்கச் சுவர் முழுக்கக் கதவுகள்தாம். திறந்தால் உள்ளே இருக்கும் பாகங்களுக்குக் கை எட்டும். பராமரிப்பு வசதிக்காகச் செய்த இந்த ஏற்பாடே அந்த எஞ்சின்களுக்கு அவற்றின் முகத்தைக் கொடுத்தது.

மூக்கைப் பற்றிய சண்டை இங்கேதான் தீர்கிறது. இந்த எஞ்சின் இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் ஓடக்கூடியது. நீராவி எஞ்சினைச் சுழல்மேடையில் ஏற்றித் திருப்பியாக வேண்டும். டீசலுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. வண்டி போய்ச் சேர்ந்த நிலையத்தில் எஞ்சினைக் கழற்றி, பக்கத்துப் பாதையால் ஓட்டி, மறுமுனையில் மாட்டிவிட்டாலே போதும். அப்படி மாட்டினால், வடக்கே போகும்போது குட்டை மூக்கோடு போன அதே எஞ்சின், தெற்கே திரும்பும்போது நீண்ட மூக்கை நீட்டிக்கொண்டு வரும். காலையில் யாழ்ப்பாணம் போகிறவர்களை வழியனுப்ப நிலையத்துக்கு வந்த பிள்ளைக்கு எஞ்சின் ஒரு முகம் காட்டியது. கொழும்புக்குப் போகும் மாமாவை ஏற்றிவிட வந்த பிள்ளைக்கு அதே எஞ்சின் வேறு முகம் காட்டியது. இருவரும் வளர்ந்து தேத்தண்ணிக் கடையில் எதிரெதிரே இருந்து வாக்குவாதப்படுகிறார்கள்.

நான் இதை முதன்முதலில் விளக்கிச் சொன்னபோது, கிளிநொச்சி நிலையத்துக்கு அருகே பல ஆண்டுகள் கச்சான் விற்ற ஒரு பெரியவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்ப நீள மூக்கு வாற நாளிலை றைவருக்கு முன்னுக்குத் தெரிஞ்சிருக்காதே” என்றார். அது மிகச் சரியான கேள்வி. நீண்ட மூக்கு முன்னால் வரும்போது ஓட்டுநர் தன் பக்கத்து யன்னலால் எட்டித்தான் பாதையைப் பார்ப்பார். மறுபக்கத்தைப் பார்ப்பது உதவியாளரின் வேலை. ஒற்றைப் பாதையில் நிலையத்துக்கு நிலையம் வளையத்தில் மாட்டிய அனுமதிச் சின்னத்தைக் கைமாற்றிக்கொண்டு ஓடிய அந்தக் காலத்தில், எந்தப் பக்கம் யார் கை நீட்டுவார் என்பதும் அன்றைக்கு மூக்கு எந்தப் பக்கம் இருந்தது என்பதைப் பொறுத்திருந்தது. வளையம் பிடிபடும் அந்த நொடியை நிலைய மேடையிலிருந்து பார்த்தவர்கள் எஞ்சினின் மற்ற எதை மறந்தாலும் அந்தக் கையை மறப்பதில்லை.

அடுத்த பெரிய மாற்றம் 1975இல் வந்தது. கனடாவின் மொன்றியல் எஞ்சின் தொழிற்சாலை செய்த எம்-4 வகை எஞ்சின்கள் பதினான்கு, ஒவ்வொன்றும் 1,750 குதிரைவலு. அவை எம்-2ஐவிட நீண்டவை. எம்-2இன் முதல் எஞ்சின்களில் ஒவ்வொரு சக்கரத்தொகுதியிலும் மூன்று அச்சுகள் இருந்தாலும் நடு அச்சுக்கு மோட்டார் கிடையாது. பாரத்தைப் பகிர்ந்து தாங்குவதே அதன் வேலை. எம்-4இல் ஆறு அச்சுகளுக்கும் மோட்டார் உண்டு. ஆனால் சனங்கள் நினைவில் வைத்திருப்பது அச்சுகளை அல்ல, புகையை. எம்-2இல் இருந்தது பன்னிரண்டு உருளைகள் கொண்ட இரண்டடிப்பு எஞ்சின். அதற்குள் காற்றைத் தள்ளும் ஊதி எஞ்சினோடு நேரடியாகப் பிணைக்கப்பட்டிருந்ததால், எஞ்சின் வேகம் ஏற ஏறக் காற்றும் கூடவே ஏறும். எம்-4இன் நான்கடிப்பு எஞ்சினுக்குக் காற்றைத் தந்தது டர்போ. அதைச் சுழற்றுவது எஞ்சின் வெளிவிடும் சூடான வாயுதான். நிலையத்திலிருந்து புறப்படும்போது டீசல் உடனே கூடும், டர்போ வேகமெடுக்கச் சில விநாடிகள் பிந்தும். அந்த இடைவெளியில் எரியாமல் மிஞ்சும் கரி, கறுத்த தூணாக மேலே எழும். பரந்தனில் அந்தப் புகையைக் கண்டுதான் வண்டி புறப்பட்டுவிட்டது என்று வயலில் நின்றவர்கள் அறிந்தார்கள்.

அந்தக் கரி எஞ்சினின் நிறத்தையும் மாற்றியது. புகைபோக்கியைச் சுற்றிய கூரையும் அதற்குப் பின்னால் உள்ள பக்கச் சுவரின் மேற்பகுதியும் எந்த வர்ணம் பூசினாலும் சில மாதங்களில் கறுத்துவிடும். எம்-4 மேலே இருட்டாகவும் கீழே வெளிச்சமாகவும் இருந்தது என்று ஒருவர் நினைவுகூர்ந்தால், அவர் வர்ணத் திட்டத்தைச் சொல்கிறாரா, படிந்த கரியைச் சொல்கிறாரா என்று கேட்டுத் தெளிய வேண்டியிருக்கிறது.

1970களின் இறுதியிலும் 1980களின் தொடக்கத்திலும் மூன்று வகைகள் அடுத்தடுத்து வந்தன. 1979இல் ஜப்பானின் ஹிட்டாச்சி நிறுவனத்தின் எம்-5, அதையொட்டி மேற்கு ஜெர்மனியின் ஹென்ஷெல் நிறுவனத்தின் எம்-6, 1981இல் இங்கிலாந்தின் பிரஷ் நிறுவனத்தின் எம்-7, ஒவ்வொன்றிலும் பதினாறு. இவற்றுள் எம்-5இன் கதை தோற்றம் பற்றி ஆராய்பவர்களுக்கு மிகவும் பயன்படக்கூடியது. முதலில் பொருத்தியிருந்த எஞ்சின்கள் நெடுங்காலம் நின்றுபிடிக்காததால், வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு எஞ்சின்களை உள்ளே வைத்து அவற்றை எம்-5ஏ, எம்-5பி, எம்-5சி என்று பிரித்தார்கள். எம்-6, எம்-7 இரண்டுக்குள்ளும் இருப்பது, எம்-2இல் இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் எஞ்சினின் அடுத்த தலைமுறை. அதனால் ஜெர்மனியில் செய்த உடலும் இங்கிலாந்தில் செய்த உடலும் கண்ணுக்கு வேறுபட்டாலும் காதுக்கு எம்-2இன் உறவுகளாகவே ஒலிக்கும். கண்ணை மூடிக்கொண்டு எஞ்சினை அடையாளம் சொல்லக்கூடிய முதியவர்கள் சிலரை வவுனியாவில் அறிவேன். அவர்கள் தடுமாறுவதும் இந்த மூன்றுக்கு நடுவில்தான்.

நிறத்தைப் பற்றிய வாக்குவாதம் மூக்கைப் போல எளிதில் தீர்வதில்லை. அதற்குப் பல காரணங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஓர் எஞ்சினுக்கு வர்ணம் பூசுவது பெரும்பாலும் இரத்மலானைத் தொழிற்சாலையில் பெரிய திருத்தவேலை நடக்கும்போதுதான். எல்லா எஞ்சின்களும் ஒரே நாளில் உள்ளே போவதில்லை. புதிய வர்ணத் திட்டம் ஒன்றை முடிவுசெய்த பிறகும், பழைய வர்ணத்தோடு ஓடும் எஞ்சின்கள் அடுத்த திருத்தவேலை வரும்வரை அப்படியே ஓடும். ஆகவே எந்த ஆண்டை எடுத்தாலும், ஒரே வகை எஞ்சின்கள் இரண்டு மூன்று நிறங்களில் பாதையில் இருந்திருக்க முடியும். திங்கட்கிழமை வந்ததும் செவ்வாய்க்கிழமை வந்ததும் ஒரே எஞ்சின் என்று எண்ணிக்கொள்ளும் பிள்ளைக்கு, எஞ்சின் நிறம் மாறிவிட்டதாகவே தோன்றும்.

பூசிய வர்ணமும் அப்படியே நிற்பதில்லை. வன்னி வெயிலில் வர்ணத்தைப் பிடித்துவைக்கும் பசை மெல்ல மெல்லச் சிதைந்து மேற்பரப்பு சுண்ணாம்பு பூத்ததுபோல வெளிறும். விரலால் தேய்த்தால் மாவு ஒட்டும். சாய வகைகளும் ஒரே மாதிரித் தாங்குவதில்லை. துருவின் குடும்பத்தைச் சேர்ந்த இரும்பு ஒட்சைட்டுச் செங்கபிலம் வெயிலுக்கு மிக மெதுவாகவே மங்கும். பளிச்சென்ற மஞ்சளும் சிவப்பும் பல சமயம் விரைவில் மங்கிப்போகும். இதற்கு மேல் ஊர்மண் வேறு. ஓமந்தையிலிருந்து மாங்குளம் தாண்டும்வரை கோடையில் செம்புழுதி. ஆனையிறவில் உப்பளத்துக்கும் கடல்நீரேரிக்கும் நடுவில் உப்புக் காற்று. உப்புக் காற்று கதவுகளின் ஓரங்களிலும் ஆணித் தலைகளிலும் துருவை வரவழைக்கும், மழையில் அந்தத் துரு கீழ்நோக்கிக் கோடாக வழியும். யாழ்ப்பாணம் போய்த் திரும்பிய எஞ்சினின் கீழ்ப்பகுதியை அருகே நின்று பார்த்தவருக்குத் தெரிந்தது பாதி வர்ணம், பாதி எங்கள் மண்.

படங்களைப் பார்த்துத் தீர்த்துக்கொள்ளலாமே என்று கேட்பவர்களுக்கு இரண்டு பதில்கள் உண்டு. முதலாவது, கறுப்பு வெள்ளைப் படத்தில் பச்சையும் சிவப்பும் ஒரே சாம்பலாக விழக்கூடும். 1960களின் படம் ஒன்றை வைத்துக்கொண்டு எஞ்சினின் நிறத்தைச் சத்தியம் பண்ண முடியாது. வர்ணப் படமும் முழுச் சாட்சி இல்லை. அந்தக் காலத்து வர்ணப் படத் தாளில் இருந்த மூன்று சாயங்களுள் நீலப்பச்சைச் சாயம் அல்பத்துக்குள் மூடி வைத்திருந்தாலும் மங்கிப்போகும் இயல்புடையது. அது குறையக் குறையப் படம் முழுவதும் செம்மை ஏறும். அப்படிச் செம்மை ஏறிய படத்தைப் பார்த்து வளர்ந்த பேரப்பிள்ளை எஞ்சின் செங்கபிலம் என்று சொல்வதில் வியப்பில்லை.

இரண்டாவது பதிலைச் சொல்லும்போதே மனம் கனக்கிறது. வன்னியில் படங்கள் இல்லை. 1990களில் தொடங்கிய இடப்பெயர்வுகளில் ஒவ்வொரு முறையும் வீட்டுச் சாமான்களில் ஒரு பங்கு குறைந்தது. 2009க்குப் பிறகு பெரும்பாலான குடும்பங்களிடம் அல்பம் என்று ஒன்று மிஞ்சவில்லை. பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தையும் அடையாள அட்டையையும் பொலித்தீன் பையில் சுற்றி நெஞ்சோடு கட்டிக்கொண்டு நடந்தவர்களால் கலியாணப் படங்களைச் சுமக்க முடியவில்லை, ரயில் எஞ்சின் படத்தை யார் சுமப்பார்? கொழும்பிலும் கண்டியிலும் உள்ள ரயில் பிரியர்கள் எண்ணையும் தேதியையும் எழுதிவைத்த படங்களை அடுக்கிக்கொண்டு ஆராய்கிறார்கள். எங்களுக்கு இருப்பது ஆட்களின் நினைவு மாத்திரம். அதனாலேயே அந்த நினைவை மேலெழுந்தவாரியாகத் தள்ளிவிடாமல், எது எதில் அது நம்பத்தக்கது என்று பகுத்துப் பார்ப்பது அவசியம் என்று நினைக்கிறேன். நான் பேசிய அளவில், நிறம் பற்றிய நினைவு எளிதில் வழுக்குகிறது. வடிவம், சத்தம், எழுத்து, எண் ஆகியவை பற்றிய நினைவு ஆச்சரியப்படும் அளவுக்கு உறுதியாக நிற்கிறது.

ரயில் இல்லாத அந்த இருபத்துமூன்று ஆண்டுகளில் தெற்கே நடந்தவற்றையும் ஒரு கணம் நினைத்துப் பார்க்கலாம். 1996இல் இந்தியாவின் வாரணாசியில் செய்த 2,800 குதிரைவலு எம்-8 வந்தது. 2000இல் பிரான்சின் அல்ஸ்தோம் செய்த எம்-9 வந்தது. அதில் மூக்கே கிடையாது, உடல் முழுவதும் பெட்டிபோல், இரண்டு முனையிலும் ஓட்டுநர் அறை. 2012இல் மீண்டும் வாரணாசியிலிருந்து எம்-10 வந்தது. எஞ்சினும் பெட்டிகளும் ஒரே தொடராக இணைந்த சீன, இந்தியத் தொடர்வண்டிகளும் ஏறக்குறைய அதே காலத்தில் வந்து சேர்ந்தன. 2004 டிசம்பர் 26ஆம் தேதி பெரலியாவில் கடல்கோள் அடித்துச் சென்ற வண்டியின் முன்னால் நின்றது எம்-2 குடும்பத்தின் 591, மனிடோபா. அதைத் திருத்தியெடுத்து மறுபடியும் ஓடவிட்டார்கள். இவற்றில் ஒன்றையும் கிளிநொச்சி தன் கண்ணால் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பிறந்த பிள்ளைகளுக்கு ரயில் என்பது பாடப்புத்தகத்தில் இருந்த ஒரு படம். 2013இல் புதிய நிலைய மேடையில் நின்ற கூட்டத்தில் பாதிப் பேர் முதன்முறையாக ரயிலைக் கண்டார்கள், மீதிப் பேர் தங்களுக்குத் தெரிந்த ஒரு முகத்தைத் தேடினார்கள். புதிய எஞ்சின் நின்றதும் சில முதியவர்கள் அதன் பக்கவாட்டில் நெடுகிலும் நடந்து பார்த்தது எனக்கு நினைவிருக்கிறது. ஏன் நடக்கிறார்கள் என்று அப்போது விளங்கவில்லை. பிறகு கேட்டேன். பெயர்ப் பலகை எங்கே என்று தேடினார்களாம்.

அந்தப் பெயர்கள் எங்களுக்கு இப்போது வேறு பொருள் தருகின்றன. 1960களில் மாங்குளத்து மேடையில் ஒன்டாரியோ என்ற சொல்லை எழுத்துக்கூட்டிப் படித்த பிள்ளைகளுக்கு அது எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரிந்திருக்காது. இன்றைக்கு வன்னியில் ஒன்டாரியோவில் சொந்தக்காரர் இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

எங்கள் குடும்பத்திலும் ஒருவர் அங்கே இருக்கிறார், என் சின்னம்மா. அவரிடம் ஒரு படம் தப்பியிருக்கிறது. 1965 வாக்கில் பரந்தன் நிலையத்தில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். 1980களில் ஒரு பிரதி கடல் கடந்து போனதால் அது மிஞ்சியது. அம்மப்பாவின் குடும்பம் முழுவதும் எஞ்சினின் பக்கத்தில் வரிசையாக நிற்கிறது. எட்டு வயதுச் சின்னம்மா ஓரத்தில், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார். பெட்டகக் கதவுகளும் ஒடுங்கிய உடலும் கைபிடிக் கம்பியும் தெளிவாகத் தெரிவதால் அது எம்-2 என்பதில் ஐயமில்லை. எண்ணின் முதல் இரண்டு இலக்கங்களான ஐந்தும் ஏழும் தெரிகின்றன. மூன்றாவதைப் பெரிய மாமாவின் தலை மறைக்கிறது. எம்-2 வரிசையில் ஐந்து ஏழு என்று தொடங்குபவை 570 முதல் 573 வரை நான்குதான்.

பெயர்ப் பலகையின் மேல் வெயில் பட்டுத் தெறித்து எழுத்துகள் வெள்ளையாகக் கரைந்திருக்கின்றன. ஆனாலும் பலகையின் இரண்டு ஓரங்களும் தெரிகின்றன. முன்னால் நிற்கும் அம்மம்மாவின் தோளிலிருந்து அடுத்தவரின் தோளையும் தாண்டி நீளும் பலகை அது. ஆங்கிலத்தில் கியூபெக்குக்கு ஆறு எழுத்து, அல்பேர்ட்டாவுக்கு ஏழு. இவ்வளவு நீளம் அவற்றுக்குத் தேவைப்படாது. மிஞ்சுவது பன்னிரண்டு எழுத்துள்ள சஸ்கச்சுவானும் பதினைந்து எழுத்துள்ள பிரிட்டிஷ் கொலம்பியாவும். படத்தை எவ்வளவு பெருப்பித்துப் பார்த்தும் இதற்கு மேல் என்னால் நகர முடியவில்லை.

கடைசியில் சின்னம்மாவுக்கு அழைப்பெடுத்தேன். எஞ்சின் என்ன நிறம் என்று முதலில் கேட்டேன். பச்சை என்றார். சற்றுப் பொறுத்து, இல்லை, மண்ணிறமாகவும் இருந்திருக்கலாம் என்றார். பிறகு பெயரைப் பற்றிக் கேட்டேன். பள்ளிக்கூடத்தில் அப்போதுதான் ஆங்கில எழுத்துகள் படித்துக்கொண்டிருந்ததாகவும், படம் எடுக்கும்வரை எஞ்சினைத் திரும்பிப் பார்த்து எழுத்துகளை எண்ணிக்கொண்டிருந்ததற்காக அம்மப்பா ஏசியதாகவும் சொன்னார். எத்தனை எழுத்து என்று நினைவில்லை. வாசிக்கவும் தெரியவில்லை.

“ஒரு சொல்லோ, ரெண்டு சொல்லோ சின்னம்மா?”

“ரெண்டு சொல் தம்பி,” என்றார் தயங்காமல். “நடுவிலை வெறும் இடம் கிடந்தது. அதையும் ஒரு எழுத்தா எண்ணுறதோ எண்டுதான் நான் அப்பாட்டைக் கேட்டனான்.”